குடல் செருகிய குழந்தைக்குத் தண்ணீரா, காற்றா, கத்தியா?

காலை ஆறு மணிக்கு முன்னால் போன் வந்தாலே எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். அன்று கூப்பிட்டது ஆந்திராவில் நகரியை ஒட்டிய ஏகாம்பரகுப்பத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் தங்கை மகள்.

"பெரியம்மா, பையன் ராத்திரியெல்லாம் விட்டு விட்டு அழுதான். உரம் விழுந்திருக்கும்னு அத்தை கூட்டிட்டுப் போய் எடுத்துட்டு வந்தாங்க. எடுத்ததும் தூங்கிட்டான். இப்ப மறுபடியும் ஆரம்பிச்சிட்டான்."

பையனுக்கு எட்டு மாதம். 'விட்டு விட்டு' என்று அவள் சொன்னதுதான் என்னை எழுந்து உட்கார வைத்தது. எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை என்று கேட்டேன். கால் மணி நேரம் இருக்கும் என்றாள். அழும்போது காலை மடக்கி வயிற்றோடு சேர்த்துக்கொள்கிறானா? ஆமாம். நடுவில் எப்படி இருக்கிறான்? "சோர்ந்து கெடக்கறான் பெரியம்மா. கூப்பிட்டாக்கூடப் பாக்க மாட்டேங்கறான்." வாந்தி இரண்டு தடவை. ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கியிருக்கிறது.

நான் பத்தொன்பது வருஷம் குழந்தைகள் அறுவைப் பிரிவில் நர்சாக இருந்துவிட்டு இப்போது எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டுப் பள்ளிப்பட்டில் வீட்டோடு இருப்பவள். அந்த நாலு பதிலையும் கேட்ட பிறகு எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை, குடல் செருகல்தான். ஆனால் எங்கே போவது, என்ன செய்யச் சொல்வது என்பதில் அன்று அந்த வீட்டில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அந்தக் காலையில் எங்கள் முன்னால் இருந்த வழிகளை ஒவ்வொன்றாக எடை போட்டுப் பார்ப்பதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் உரம். நம் பக்கத்தில் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கைக்குழந்தை காரணம் தெரியாமல் அழுதால் முதலில் வாயில் வருவது இதுதான். பழைய புடவையில் குழந்தையைப் போட்டு, இரண்டு பக்கமும் பிடித்து, இப்படியும் அப்படியும் உருட்டுவார்கள். எலும்பு முறிந்தால் புத்தூருக்கு ஓடிக் கட்டுப் போட்டுக்கொண்டு வருகிற ஊர்க்காரர்கள் நாம். கைவைத்தியத்தில் நமக்கு இருக்கும் நம்பிக்கை ஒரு நாளில் வந்ததல்ல. நான் அதைக் கேலி செய்யமாட்டேன். ஆனால் குடல் செருகல் ஒரு ஏமாற்றுக்கார வியாதி. வலி வரும், போகும். போகிற நேரத்தில் குழந்தை களைத்துத் தூங்கிவிடும். உரம் எடுத்த பிறகு தூங்கினால் உரம் எடுத்ததால் தூங்கியது என்று ஆகிவிடுகிறது. கிரைப் வாட்டர் கொடுத்த பிறகு தூங்கினால் பெயர் கிரைப் வாட்டருக்கு. இப்படியே ஒரு ராத்திரி கரைந்துபோகும். அன்றும் அப்படித்தான் எட்டு மணி நேரம் போயிருந்தது.

உள்ளே நடப்பது இதுதான். முழுக்கைச் சட்டையை அவசரமாகக் கழற்றினால் கை உள்பக்கமாகச் சுருட்டிக்கொண்டு வரும் இல்லையா, அதே கதை. சிறுகுடலின் கடைசித் துண்டு பெருங்குடலுக்குள் நுழைந்துவிடுகிறது. குடலின் வேலை உள்ளே இருப்பதை முன்னால் தள்ளுவது. செருகிய துண்டையும் அது சாப்பாடு மாதிரியே தள்ளித் தள்ளி இன்னும் உள்ளே கொண்டுபோகிறது. ஒவ்வொரு தள்ளலுக்கும் ஒரு அழுகை. கூடவே இழுபட்டுப் போன ரத்தக் குழாய்கள் நெரிகின்றன. ரத்தத்தைத் திருப்பி எடுத்துப்போகும் சிரைகள்தான் முதலில் அடைபடும். அதனால் குடல் வீங்குகிறது, ரத்தமும் சளியும் கசிகின்றன. புத்தகத்தில் எழுதியிருக்கும் சிவப்பு ஜாம் மாதிரி மலம் அதுதான். அது வரட்டும் என்று யாரும் காத்திருக்கக் கூடாது. வலி, வாந்தி, ரத்த மலம் மூன்றும் சேர்ந்து வரும் குழந்தைகள் குறைவு. ரத்தம் வந்துவிட்டாலும் சீதபேதி என்று நினைத்து இரண்டு நாள் ஆன்டிபயாட்டிக் கொடுத்துவிட்டு எங்கள் வார்டுக்கு வந்த பிள்ளைகளை நான் கை நிறைய எண்ணலாம்.

மூன்று மாதத்திலிருந்து மூன்று வயது வரைதான் இது பெரும்பாலும் வரும். நாலு மாதத்துக்கும் பத்து மாதத்துக்கும் நடுவில்தான் அதிகம். பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளுக்குச் சற்றுக் கூடுதல். பத்தில் ஒன்பது பேருக்குக் குறிப்பிட்ட காரணம் எதுவும் கிடைக்காது. சளியோ பேதியோ வந்து போன பிறகு குடல் சுவரில் இருக்கும் நெறிக்கட்டிகள் வீங்கி, அந்த வீக்கத்தைக் குடல் பிடித்துத் தள்ளிவிடுகிறது.

"ரோட்டா சொட்டு மருந்து போட்டதாலதான் வந்துச்சா?" என்று அன்றைக்கே மாப்பிள்ளை கேட்டார். ரோட்டா வைரஸால் வரும் பேதியைத் தடுக்கும் சொட்டு அது. நியாயமான கேள்வி. அமெரிக்காவில் 1998-ல் வந்த முதல் ரோட்டா தடுப்பு மருந்தை, குடல் செருகல் கூடுகிறது என்று அடுத்த வருஷமே நிறுத்தினார்கள். அதனால்தான் பின்னால் வந்த எல்லா ரோட்டா மருந்தையும் இந்த ஒரு விஷயத்துக்காகக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிப் பார்க்கிறார்கள். நம் நாட்டில் செய்த ரோட்டாவாக்கை டெல்லி, புனே, நமக்குப் பக்கத்தில் வேலூர் என்று மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளுக்கு வைத்துப் பார்த்து 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். அரசுத் திட்டத்தில் முதலில் வந்த நாலு மாநிலங்களில் ஆந்திராவும் ஒன்று, 2016-ல். தமிழ்நாட்டுக்கு 2017-ல் வந்தது. அதாவது நகரிப் பிள்ளைகளுக்குப் பள்ளிப்பட்டுப் பிள்ளைகளைவிட ஒரு வருஷம் முன்னால். அந்தச் சொட்டு ஆறு, பத்து, பதினாலாவது வாரங்களில் போடுவது. நம் பையன் அதையெல்லாம் தாண்டி மாதக்கணக்காகிவிட்டது. அதில் பழியைப் போட இடமில்லை.

எக்ஸ்ரேயா, ஸ்கேனா?

இதில் எனக்கு யோசனையே கிடையாது. வயிற்று எக்ஸ்ரேயில் அடைப்பு இருப்பது தெரியலாம், குடல் ஓட்டையாகிக் காற்று வெளியே வந்திருந்தால் தெரியும். செருகல் இல்லை என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. சி.டி. ஸ்கேன் இதற்குத் தேவையில்லாத கதிர்வீச்சு. கர்ப்பிணிகளுக்கு எடுக்கிறார்களே, அதே அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான் வேண்டும். பழகிய கை எடுத்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு அளவில் சரியாகச் சொல்லிவிடும்.

பெரியவர்களுக்கு வைக்கும் வளைந்த முனையை வைத்துவிட்டு, தோலுக்குப் பக்கத்தில் கூர்மையாகக் காட்டும் நேர் முனையை எடுத்து, வலது கீழ்வயிற்றில் தொடங்கிப் பெருங்குடல் போகும் வழியே மேலே நகர்த்தி, இடது பக்கம் இறங்கி வருவார்கள். செருகல் இருந்தால் குறுக்கே பார்க்கையில் வெங்காயத்தை வெட்டின மாதிரி வளையத்துக்குள் வளையம். நீளவாக்கில் திருப்பினால் சிறுநீரகம் தப்பான இடத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி. வளையத்தின் குறுக்களவு இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் இருந்தால் அது சிறுகுடல் பெருங்குடலுக்குள் போனது, சிகிச்சை வேண்டும். ஒன்றரை சென்டிமீட்டர் மாதிரி சின்னதாக, சிறுகுடல் சிறுகுடலுக்குள்ளேயே போயிருந்தால் பெரும்பாலும் தானாகவே விடுபடும். இந்த இரண்டாவது வகையைப் பார்த்துவிட்டு ஆபரேஷன் என்று கிளம்புவதும் தப்புதான்.

ஸ்கேன் வேறு இரண்டு விஷயமும் சொல்லும். கலர் வைத்துப் பார்த்தால் உள்ளே போன குடலுக்கு ரத்தம் ஓடுகிறதா என்று தெரியும். வளையங்களுக்கு நடுவே நீர் கோத்து நின்றால், வெளியே எடுப்பது கடினமாக இருக்கும் என்று முன்கூட்டியே யோசித்து வைக்கலாம்.

நம் பக்கத்தில் சிக்கல் மெஷினில் இல்லை, நேரத்தில். ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் 1994-ஆம் வருஷச் சட்டப்படி ஒவ்வொரு ஸ்கேன் மெஷினும் பதிவு செய்த இடத்தில்தான் இருக்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வா என்று யாரையும் கூப்பிட முடியாது. ஆணா பெண்ணா என்று சொல்லமாட்டோம் என்று தெலுங்கிலும் தமிழிலும் எழுதின போர்டைத் தாண்டி உள்ளே போனால், காலை ஒன்பது மணிக்குத்தான் டாக்டர் வருவார் என்று வாட்ச்மேன் சொல்வார். நல்ல வேளை, அன்று டவுனில் ஒரு நர்சிங் ஹோமில் ஏழரைக்கே ஸ்கேன் டாக்டர் இருந்தார். "பேகுலோ பேகு தூரிந்தி" என்றாராம். குடலுக்குள் குடல் நுழைந்துவிட்டது. படித்துப் படித்து நாம் வைத்த பெயர்களைவிட அந்த மூன்று வார்த்தை தெளிவாக இருக்கிறது. அளவு 3.2 சென்டிமீட்டர். ரத்த ஓட்டம் இருக்கிறது. வயிறு மெத்தென்று இருக்கிறது.

எங்கே போவது?

அந்த நர்சிங் ஹோமின் சர்ஜன் உடனே ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார். சம்பந்தியம்மா கும்பிட்டுக்கொண்டு "செய்யுங்க சாமி" என்று சொல்லியேவிட்டார். என் தங்கை சென்னைக்குப் போகணும் என்றாள், எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி என்றால் அவளுக்குக் கோயில் மாதிரி. மாப்பிள்ளையின் அண்ணன் வேலூர் சி.எம்.சி. என்றார். திருப்பதி என்று யாரும் சொல்லவில்லை. பக்கத்தில் இருக்கிறது, அதனால் மதிப்பில்லை.

அந்த சர்ஜனை நான் குறை சொல்லமாட்டேன். ஆசனவாய் வழியாகத் தண்ணீர் விட்டு, அந்த அழுத்தத்தில் செருகலைப் பின்னுக்குத் தள்ளி எடுக்கிற ஏற்பாடு அவரிடம் இல்லை. இருக்கிற கருவியை வைத்து அவர் சொன்னார். ஆனால் எட்டு மாதக் குழந்தைக்கு மயக்க மருந்து கொடுக்கும் பழக்கமுள்ள டாக்டர் அங்கே இல்லை, வெளியிலிருந்து வரவழைக்க வேண்டும். ரத்த ஓட்டம் இருக்கிறது, வயிறு இறுகவில்லை, பத்து மணி நேரம்கூட ஆகவில்லை. இந்த நிலைமையில் முதலிலேயே கத்தி வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அதற்காக, தண்ணீர் விட்டு எடுக்கத் தெரிந்த இடம் எதுவாக இருந்தாலும் சரி என்றும் இல்லை. ஆபரேஷன் இல்லாத சிகிச்சையை ஆபரேஷன் தியேட்டர் இல்லாத இடத்தில் செய்யக் கூடாது. உள்ளே அழுத்தம் கொடுக்கிறோம். நலிந்த குடல் என்றால் கிழியலாம். நூறில் ஒன்றுகூட இருக்காது, ஆனால் அந்த ஒன்று நம் பிள்ளையாக இருந்தால் பத்து நிமிஷத்தில் தியேட்டருக்குள் இருக்க வேண்டும். ஆகவே தண்ணீரும் கத்தியும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கும் இடங்களில் மிகப் பக்கத்தில் இருப்பது எதுவோ அங்கே போவது. இந்த ஒரே கணக்கில்தான் திருப்பதி ஜெயித்தது. நகரியிலிருந்து புத்தூர், ரேணிகுண்டா வழியாக ஐம்பது அறுபது கிலோமீட்டர். சென்னை நூறைத் தாண்டும், அதில் ஆவடிக்கு அப்புறம் உள்ள நெரிசல் தனி. ஒரு நாள் தாண்டினால் ஆபரேஷன் இல்லாமல் எடுக்கும் வாய்ப்பு படிப்படியாகக் குறைந்துகொண்டே வரும். இரண்டு மணி நேரம் என்பது வெறும் பயண நேரம் இல்லை.

திருப்பதியில் எங்கே என்பதற்கு மூன்று கேள்வியை வைத்துக்கொண்டு போனில் விசாரித்தேன். குழந்தை சர்ஜன் இப்போது இருக்கிறாரா? ஸ்கேன் பார்த்துக்கொண்டே சலைன் விட்டு எடுப்பவர் இந்த நேரத்தில் இருக்கிறாரா? தியேட்டரும் மயக்க மருந்து டாக்டரும் தயாரா? முதலில் கேட்ட இடத்தில் இரண்டாவது கேள்விக்கு "சாயந்திரம் வருவார்" என்றார்கள். இரண்டாவது இடத்தில் மூன்றுக்கும் ஆமாம் என்றார்கள். கார்டு விஷயத்தையும் அந்தப் போனிலேயே கேட்டுக்கொண்டேன். ஆந்திரா ரேஷன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு ஆந்திராவின் திட்டம், நமக்குத் தமிழ்நாட்டின் முதலமைச்சர் காப்பீடு. எல்லையைத் தாண்டினால் எது செல்லும் எது செல்லாது என்பதை அட்மிஷன் கவுன்டரில் நின்றுகொண்டு தெரிந்துகொள்ளக் கூடாது.

கிளம்பும் முன் அந்த நர்சிங் ஹோமில் செய்து கொடுத்ததை மறக்கமாட்டேன். ஐ.வி. லைன் போட்டு டிரிப்ஸ் ஏற்றினார்கள், மூக்கு வழியாக ரைல்ஸ் ட்யூப் போட்டு வயிற்றில் இருந்ததை இறக்கினார்கள், ஸ்கேன் படத்தைக் கையில் கொடுத்தார்கள். வாந்தி எடுத்த குழந்தை உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும். எட்டு கிலோ குழந்தைக்கு நூறு, நூற்று அறுபது மில்லி உள்ளே போன பிறகு கண்ணில் கொஞ்சம் உயிர் வரும். இதைச் செய்யாமல் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடுவது பெரிய தப்பு. தாய்ப்பாலும் வேண்டாம் என்று தங்கை மகளிடம் நாலு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அழுகிற பிள்ளையைப் பார்த்துக்கொண்டு பால் கட்டின மாரோடு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருப்பது லேசில்லை.

தண்ணீர்

நான் பள்ளிப்பட்டிலிருந்து நேரே திருப்பதிக்குப் போய்விட்டேன். ஸ்கேன் அறைக்குள் என்னை விட்டார்கள், பழைய யூனிபார்ம் ஆசாமி என்று.

சாமான் எல்லாம் ரொம்ப சாதாரணம். டிரிப்ஸ் ஸ்டாண்டு, என்.எஸ். என்கிற சலைன் (உப்புத் தண்ணீர்) பாட்டில்கள், நுனியில் பலூன் உள்ள ஒரு ஃபோலீஸ் குழாய், பிளாஸ்திரி. சலைனை வெதுவெதுப்பாக்கி, பால் புட்டிக்குப் பார்க்கிற மாதிரி மணிக்கட்டில் விட்டுப் பார்த்தார் அந்த சிஸ்டர். குழாயை ஆசனவாய் வழியாகச் செருகி, பலூனை ஊதி, இரண்டு பிட்டத்தையும் சேர்த்துப் பிளாஸ்திரி போட்டு, மேலே ஒருவர் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இந்தப் பிடியில்தான் பாதி வெற்றி. தண்ணீர் வெளியே ஒழுகினால் உள்ளே அழுத்தம் ஏறாது. பிறகு சர்ஜன் டேப்பை எடுத்து மேஜையிலிருந்து பாட்டில் வரை அளந்தார். சரியாக ஒரு மீட்டர். அந்த உயரத்துக்குக் கிட்டத்தட்ட 74 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம். பாட்டிலை உயர்த்தினால் அழுத்தம் கூடும், இறக்கினால் குறையும். கணக்கு அவ்வளவுதான்.

குழாயைத் திறந்ததும் திரையில் பெருங்குடல் கறுப்பாக நிறைந்துகொண்டு வந்தது. இடது பக்கம் ஏறி, குறுக்கே வந்து, அங்கே நின்றது. தண்ணீரின் முனையில் வெங்காய வளையம். ஒரு நொடி எதிர்த்து நின்றுவிட்டு மெதுவாகப் பின்வாங்கத் தொடங்கியது. ஸ்கேன் டாக்டர் முனையை நகர்த்தி அதைத் துரத்திக்கொண்டே போனார். வலது கீழ்வயிற்றில், சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் வால்வுக்குப் பக்கத்தில் வந்து மறுபடியும் நின்றுகொண்டது. மூன்று நிமிஷம் ஆகிவிட்டது. பாட்டிலை இறக்கச் சொன்னார்கள். தண்ணீர் திரும்பிப் பாட்டிலுக்குள் கலங்கலாக வந்தது. குழந்தைக்குக் கொஞ்சம் ஓய்வு.

இரண்டாவது முறை. அதே உயரம். அதே இடத்தில் நின்றது. நான் திரையைப் பார்க்கவில்லை, பழக்கதோஷம், பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நகராமல் நின்ற தண்ணீர் மட்டம் சட்டென்று விரல் அகலத்துக்கு இறங்கியது, அப்புறம் மடமடவென்று. "போயிடுச்சு" என்று நான் சொல்லவும், திரையில் வலது பக்கச் சிறுகுடல் முழுக்கத் தேன்கூடு மாதிரி தண்ணீர் நிறையவும் சரியாக இருந்தது. வளையம் போய், வால்வு மட்டும் திறந்த மீன் வாய் மாதிரி தெரிந்தது. அழுதுகொண்டே இருந்தவன் கை உறையை மாற்றுவதற்குள் தூங்கிவிட்டான். இந்தத் தூக்கம் வேறு மாதிரி இருக்கும். பார்த்துப் பழகினவர்களுக்குத் தெரியும்.

வழக்கமாக மூன்று முறை, ஒவ்வொன்றும் மூன்று நிமிஷம் என்று ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். கல்வெட்டு இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டிருந்தால், குழந்தையும் தெம்பாக இருந்தால், அரை மணி நேரமோ சில மணி நேரமோ விட்டு மறுபடியும் முயலலாம். கொஞ்சமும் அசையவில்லை என்றால் வீம்புக்கு நிற்கக் கூடாது. நல்ல கைகளில் நூற்றுக்கு எண்பதிலிருந்து தொண்ணூறு பேருக்கு இப்படியே சரியாகிவிடுகிறது.

காற்று

இதே வேலையைக் காற்றை வைத்தும் செய்யலாம். எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே ஆசனவாய் வழியாகக் காற்றைச் செலுத்துவார்கள், 120 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தாண்டாமல். சீனாவில் 13 வருஷத்தில் 6,396 குழந்தைகளுக்கு இப்படிச் செய்ததை 1986-ல் எழுதினார்கள். அதற்கப்புறம் உலகம் முழுக்கப் பரவியது. சீக்கிரம் முடியும், சுத்தமாக இருக்கும். எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்த காக்ரேன் அறிக்கை 2017-ல் தண்ணீரைவிடக் காற்றுக்குக் கொஞ்சம் கூடுதல் வெற்றி என்றுதான் சொன்னது, ஆதாரம் அவ்வளவு பலமில்லை என்ற குறிப்போடு.

அப்படியானால் நான் ஏன் தண்ணீர் பக்கம்? முதலில், கதிர்வீச்சு இல்லை. மூன்று முறை முயன்றாலும், நாளைக்குத் திரும்ப வந்தாலும் அதே தைரியத்தோடு செய்யலாம். இரண்டாவது, கட்டியோ, குடலில் பை மாதிரிப் புடைப்போ காரணமாக இருந்தால் ஸ்கேன் காட்டும், எக்ஸ்ரே திரையில் அது தெரிவது கஷ்டம். மூன்றாவது, குடல் கிழிந்தால் வயிற்றுக்குள் போவது உப்புத் தண்ணீர். காற்று போனால் வயிறு பலூனாகி மூச்சையே அடைத்துவிடும், உடனே ஊசி குத்திக் காற்றை விட வேண்டும். காற்று வைத்திருக்கும் இடத்தில் அந்த ஊசி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது என் பழைய பழக்கம்.

ஆனாலும் ஒன்று. நாம் போகும் ஆஸ்பத்திரியில் காற்றில்தான் பழக்கம், தண்ணீர் எப்போதாவதுதான் என்றால் காற்றையே செய்யச் சொல்லுங்கள். பழகாத கையில் தண்ணீரைவிடப் பழகின கையில் காற்று நல்லது. பேரியம் வைத்து எடுப்பது எங்கள் காலத்து வழக்கம். வெளியே கசிந்தால் வயிற்றைப் புண்ணாக்கிவிடும். இப்போது அதற்கு அவசியம் இல்லை.

கத்தி

ஆபரேஷனைத் தோல்வி என்று நினைக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படி இல்லை. எங்கள் வார்டுக்கு ஒரு பதினாலு மாதப் பெண் குழந்தை மூன்றாம் நாள் வந்தது. வயிறு மத்தளம் மாதிரி. தொட்டாலே விறைத்துக்கொண்டது. நாடி கையில் சிக்கவில்லை. அந்தக் குழந்தைக்குத் தண்ணீர் வைத்துப் பார்க்கலாமா என்று யாரும் பேசவே இல்லை, பேசக் கூடாது. டிரிப்ஸ் ஏற்றி, ஆன்டிபயாட்டிக் கொடுத்து, நேரே தியேட்டர். செருகின துண்டு கத்தரிக்காய் நிறத்துக்கு மாறியிருந்தது. அதை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனையையும் தைத்தார்கள். பத்தாம் நாள் அது என் பேனாவைப் பிடுங்கிக்கொண்டு தரமாட்டேன் என்றது.

குடல் ஓட்டையாகியிருந்தால், வயிறு முழுக்கப் புண்ணாகியிருந்தால், எவ்வளவு டிரிப்ஸ் ஏற்றியும் குழந்தை மீளவில்லை என்றால் முதல் வழியே கத்திதான். தண்ணீரும் காற்றும் கைவிட்ட பிறகும் அதுதான். உள்ளே போனால்கூட எல்லோருக்கும் வெட்டுவதில்லை. செருகின குடலை இழுக்காமல், கீழிருந்து பற்பசையைப் பிதுக்குவது போல மெதுவாகப் பிதுக்கி வெளியே எடுப்பார்கள். சில இடங்களில் லேப்ராஸ்கோப்பியிலும் செய்கிறார்கள். ஆபரேஷனுக்கு ஒரு சாதகம் உண்டு: மறுபடி செருகுவது நூற்றுக்கு ஒன்றிரண்டு. தண்ணீரிலும் காற்றிலும் பத்துக்கு ஒன்று. பாதகம்: மயக்க மருந்து, தையல், ஆஸ்பத்திரியில் கூடுதல் நாள், பிற்காலத்தில் குடல் ஒட்டிக்கொண்டு அடைப்பு வரும் வாய்ப்பு. பத்துக்கு ஒன்று என்பதற்குப் பயந்து முதலிலேயே ஆபரேஷன் கேட்பவர்களுக்கு நான் சொல்வது, திரும்ப வந்தால் திரும்பத் தண்ணீர் வைக்கலாம், பெரும்பாலும் அதுவும் பலிக்கும். மூன்று நாலு தடவை வந்தால், அல்லது ஐந்து வயதைத் தாண்டின பிள்ளைக்கு வந்தால், உள்ளே ஏதோ காரணம் இருக்கிறதா என்று தேட வேண்டும்.

பிறந்து சில நாளான குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தால் மேலே சொன்ன எந்தக் கணக்கும் செல்லாது. அது குடல் முறுக்கமாக இருக்கலாம். அங்கே மணிக்கணக்கு இல்லை, நிமிஷக் கணக்கு. முறுக்கை எடுக்கக் கத்தி மட்டும்தான்.

அன்று மத்தியானம் வீட்டுக்குப் போகலாமா என்று சம்பந்தியம்மா கேட்டார். தறி நின்றுகொண்டிருக்கிறது. சில இடங்களில் சில மணி நேரம் பார்த்துவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில் வீடு என்றால் எனக்கும் ஆட்சேபம் இல்லை. ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருப்பவர்கள் ஒரு ராத்திரி இருந்துவிட்டுப் போக வேண்டும் என்பேன். திரும்ப வருவதில் நல்ல பங்கு முதல் இரண்டு மூன்று நாளுக்குள் வருவது.

இருந்தோம். ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தை காலை மடக்கிக்கொண்டு வீறிட்டான். தங்கை மகள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் இருக்கிறது. டூட்டி டாக்டர் வந்தார், ஸ்கேன் டாக்டரைக் கூப்பிட்டார், அவர் தூக்கக் கண்ணோடு வந்து ஜெல்லை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு முனையை வைத்தார். தொப்புளுக்கு இடது பக்கம் ஒரு சின்ன வளையம். எனக்குத் தொண்டை அடைத்தது. அவர் அளந்தார். ஒன்றே கால் சென்டிமீட்டர். முனையை எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தளர்ந்து, நழுவி, காணாமல் போயிற்று. சிறுகுடலில் வந்து போகிற வகை. வலது பக்கம் ஒரு தடவை தடவிப் பார்த்தார், அங்கே ஒன்றும் இல்லை. பஞ்சால் ஜெல்லைத் துடைத்துவிட்டு, தங்கை மகள் பக்கம் திரும்பித் தமிழிலேயே சொன்னார்:

"பசிக்குதும்மா அவனுக்கு. பால் குடு."